ஒன்பது நாளில் ஏழு ஊர்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலைக் காபி குடித்துக்கொண்டிருந்தேன். என் மகன் லேப்டாப்பை என் பக்கம் திருப்பி, "அப்பா, இதைக் கொஞ்சம் பாருங்க, எப்படி இருக்கு?" என்றான்.

எக்செல் ஷீட். மஞ்சள், பச்சை, ஊதா என்று கட்டம் கட்டமாக வண்ணம் பூசியிருந்தது. மே மாதக் கடைசியில் அவனும் என் பேரனும் ஐரோப்பா போகிறார்கள். பேரன் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்திருக்கிறான். மருமகளுக்கு அலுவலகத்தில் லீவு கிடைக்கவில்லை. பேத்தியோ சின்னவள், அம்மாவை விட்டு வரமாட்டாள். ஆகவே அப்பாவும் பிள்ளையும் மட்டும்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம், கொலோன், லூசெர்ன், மிலான், ரோம். ஒன்பது நாளில் ஏழு ஊர். காலை 6.30க்கு எழுந்திருப்பது, 7.15க்குச் சிற்றுண்டி, 8 மணிக்குக் கிளம்புவது என்று ஒவ்வொரு நாளுக்கும் கணக்கு. சாப்பாட்டுக்கு 40 நிமிஷம்.

"ரயில்வே டைம்டேபிள் மாதிரி இருக்குடா" என்றேன். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டான்.

பேரன் சோபாவில் படுத்துக்கொண்டு ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நீ பாத்தியாடா இதை?" என்று கேட்டேன்.

"அப்பா போட்டிருக்காரு தாத்தா."

"உனக்கு எங்க போகணும்?"

"செர்ன்."

"அது எங்க இருக்கு?"

"ஜெனீவால."

ஷீட்டில் மறுபடி தேடினேன். ஜெனீவா இல்லை. மகன் குறுக்கிட்டான். "அது ஆராய்ச்சி நிலையம்ப்பா. பூமிக்கடியில குழாய். வெளியில நின்னு பாக்க என்ன இருக்கு? அதுக்கு ஒரு நாள் போனா மிலான் அடிபட்டுடும்."

பேரன் ஒன்றும் சொல்லவில்லை. உதட்டைப் பிதுக்கிவிட்டு ஃபோனுக்குத் திரும்பிவிட்டான். எனக்குத்தான் காபி இறங்கவில்லை. அந்த வாக்கியத்தை நான் முன்பே கேட்டிருக்கிறேன். கேட்டது என்ன, நானே சொல்லியிருக்கிறேன்.

1993. வங்கியில் எல்.டி.சி. எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு வடக்கே போனோம். டெல்லி, ஆக்ரா, மதுரா, ஹரித்வார், ரிஷிகேஷ். அப்போது எக்செல் ஏது? டைரியில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு அட்டவணை எழுதியிருந்தேன். மகனுக்கு வயது 14. ரயில் என்றால் உயிர். டெல்லியில் சாணக்கியபுரியில் இருக்கும் ரயில் அருங்காட்சியகத்துக்குப் போகவேண்டும் என்று கிளம்புமுன்பே கேட்டிருந்தான். சரி என்று ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தேன்.

அங்கே 1855ல் செய்த ஃபேரி குயின் என்ற நீராவி இஞ்சின் இருந்தது. அதன் முன்னால் நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நின்றவன் நகரவே இல்லை. சக்கரத்தை வரைகிறான், புகைபோக்கியை வரைகிறான். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முக்கால் மணியில் பொறுமை போய்விட்டது. "இஞ்சின்தானேடா, நம்ம ஊர்லயும்தான் ஓடுது. இங்கயே நின்னா குதுப்மினார் அடிபட்டுடும்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். குதுப்மினார் முன்னால் நாங்கள் நால்வரும் வரிசையாக நிற்கும் போட்டோ இன்னும் ஆல்பத்தில் இருக்கிறது. மூன்று பேர் கேமராவைப் பார்க்கிறோம். அவன் பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது நடு இரவில் ஏதோ ஒரு சின்ன ஸ்டேஷனில் ரயில் ஐந்து மணி நேரம் நின்றுவிட்டது. மனைவியும் மகளும் தூங்கிவிட்டார்கள். புழுக்கம் தாங்காமல் நானும் அவனும் பிளாட்பாரத்தில் இறங்கி சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். அப்போதுதான் பேச ஆரம்பித்தான். அகலப் பாதை என்றால் எவ்வளவு அகலம், கைகாட்டி எப்படி வேலை செய்கிறது, ஒற்றைப் பாதையில் எதிரும் புதிருமாக வரும் ரயில்களை எப்படி விடுகிறார்கள் என்று விடாமல் சொல்லிக்கொண்டு வந்தான். இவனுக்கு இவ்வளவு தெரியுமா என்று நான் அன்றுதான் தெரிந்துகொண்டேன். அவன் பிறந்து 14 வருஷம் கழித்து.

இன்றைக்கும் அந்தப் பயணத்தைப் பற்றிக் கேட்டால் அந்தப் பிளாட்பாரத்தைத்தான் சொல்வான். தாஜ்மகாலைப் பற்றிக் கேட்டால், "தரை காலைச் சுட்டுது" என்பான். நான் கோடு போட்டு எழுதிய அட்டவணையில் அந்த ஐந்து மணி நேரம் இல்லவே இல்லை.

ஆகவே இந்த விஷயத்தில் என் கட்சி என்ன என்று சொல்லிவிடுகிறேன். பதின்ம வயதுப் பையனோடு போகும் குறுகிய பயணத்தில் ஊர்களைக் குறைக்கவேண்டும். பாதித் திட்டத்தை அவன் கையில் கொடுக்கவேண்டும். வாய் வார்த்தைக்கு "உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டு நம் இஷ்டப்படி செய்வது கொடுத்ததாக ஆகாது. இன்னும் இரண்டு வருஷம் பிளஸ் ஒன், பிளஸ் டூ, கோச்சிங் என்று அவனைப் பிடிக்க முடியாது. அப்புறம் கல்லூரி, ஹாஸ்டல். அப்பாவோடு தனியாக ஒன்பது நாள் இருப்பதற்கு அவன் சம்மதிக்கும் வயது இதோடு முடிகிறது.

இதை மகனிடம் சொன்னபோது சும்மா விடவில்லை. அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. "இது அஞ்சாறு லட்ச ரூபா சமாசாரம்ப்பா. மறுபடி எப்பப் போகப்போறோம்? போனது போனதா நாலு இடம் பாத்துட்டு வந்தாத்தானே? அவன்கிட்ட விட்டா பத்து மணி வரைக்கும் தூங்குவான். அப்புறம் ஃபோனைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பான்."

பணம் போட்டுச் செய்கிற காரியத்தில் முழுப் பலன் கிடைக்கவேண்டும் என்று நினைப்பது தப்பில்லை. நானும் அப்படி வளர்ந்தவன்தான், அப்படித்தான் அவனை வளர்த்தேன். அதனால் உணர்ச்சியை ஓரமாக வைத்துவிட்டு, அவனுடைய ஷீட்டை வைத்தே கணக்குப் போட்டுக் காட்டினேன். வங்கியில் இருந்தவன் அல்லவா?

ஏழு ஊர் என்றால் ஊர் மாறுவது ஆறு தடவை. அந்த வரிசையில் ரயிலில் உட்கார்ந்திருக்கும் நேரம் மட்டும் ஏறக்குறைய 17, 18 மணி. அதோடு போகாது. பெட்டி கட்டவேண்டும், அறையைக் காலி செய்யவேண்டும், ஸ்டேஷனுக்குப் போய்க் காத்திருக்கவேண்டும், புது ஊரில் இறங்கி ஓட்டலைத் தேடவேண்டும். பல ஓட்டல்களில் மதியம் இரண்டு, மூன்று மணிக்குமேல்தான் அறை தருவார்கள். ஒரு தடவை மாறினால் அரை நாள் என்று வைத்தால் மூன்று நாள் போயிற்று. போகவர விமானத்துக்கு இரண்டு நாள். ஒன்பதில் மிச்சம் நான்கு. நாலு நாளுக்கு ஏழு ஊர். ஆளுக்கு அரை நாளுக்குச் சற்று மேல்தான் வரும்.

விசாவிலும் இந்தச் சிக்கல் இருக்கிறது. ஷெங்கன் விசாவுக்கு எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்கவேண்டும். எல்லாம் சம நாள் என்றால் முதலில் நுழையும் நாட்டிடம். ஒவ்வொரு ஊரிலும் ஓர் இரவு என்று போட்டு வைத்தால் எந்த நாடு என்று நாமே குழம்பவேண்டியதுதான். ஓட்டல், ரயில் பதிவுகளில் ஒன்று மாறினாலும் எல்லாம் மாறும்.

நானும் ஐரோப்பாவைப் பார்க்காமல் பேசவில்லை. 2012ல் நானும் மனைவியும் ஒரு குழுவோடு பன்னிரண்டு நாள் போய்வந்தோம். எங்களைப் போன்ற வயதானவர்களுக்கு அதுதான் சௌகரியம், குறை சொல்லமாட்டேன். ஆனால் வீட்டில் ஒரு போட்டோ இருக்கிறது. பின்னால் ஒரு பெரிய நீரூற்று. அது எந்த ஊர் என்று எனக்கும் அவளுக்கும் இன்றுவரை வழக்கு தீரவில்லை.

கடைசியில் மகன், "சரி, நீங்கதான் சொல்லுங்க" என்றான். "நான் சொல்லமாட்டேன், அவன் சொல்லட்டும்" என்று பேரனைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். இரண்டே ஊர், ஒன்று அப்பாவுக்கு, ஒன்று உனக்கு என்றேன். அப்பாவுக்குப் பாரிஸ். அவனுக்கு ஜெனீவா.

அதற்கப்புறம் நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசாத பையன், மூன்று நாள் சாயங்காலம் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தான். பாரிஸில் இறங்கி ஜெனீவாவிலிருந்து திரும்பும்படி டிக்கெட் எடுத்தால் வந்த வழியே திரும்பவேண்டியதில்லை என்று கண்டுபிடித்தவன் அவன்தான். பாரிஸில் நான்கு இரவு, ஜெனீவாவில் மூன்று. அதிக நாள் பிரான்ஸில் என்பதால் விசா பிரான்ஸிடம். ஸ்விட்சர்லாந்து ஐரோப்பிய யூனியனில் இல்லாவிட்டாலும் ஷெங்கனில் இருப்பதால் அதே விசா போதும். நாணயம் மட்டும் வேறு, அங்கே ஃபிராங்க்.

லூவ்ர் அருங்காட்சியகத்தில் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு எந்த நாட்டவரானாலும் இலவசம். "என் டிக்கெட் மிச்சம்ப்பா" என்றான் பெருமையாக. ஆனால் செவ்வாய்க்கிழமை லூவ்ர் மூடியிருக்கும், ஓர்சே திங்கட்கிழமை மூடியிருக்கும். ஜெனீவாவில் ஓட்டலில் தங்குகிறவர்களுக்கு ஊருக்குள் டிராமுக்கும் பஸ்ஸுக்கும் இலவச அட்டை உண்டு. 18ஆம் எண் டிராம் கடைசியாகப் போய் நிற்கும் இடமே செர்ன்தான். அங்கே 2023ல் பார்வையாளர்களுக்கென்றே சயன்ஸ் கேட்வே என்று ஒரு கட்டடம் திறந்திருக்கிறார்கள். அனுமதி இலவசம், திங்கட்கிழமை விடுமுறை. அந்த விடுமுறையைப் பார்த்து அவன் நாள்களை மாற்றிப் போட்டான். அவன் அப்பாவின் வண்ண ஷீட்டில் எந்தெந்தக் கிழமை எது மூடியிருக்கும் என்ற கட்டமே இல்லை.

"அப்படி என்னடா இருக்கு அங்க?" என்று நான்தான் கேட்டேன். பிடித்துக்கொண்டான். பூமிக்கடியில் சுமார் 100 மீட்டர் ஆழத்தில் 27 கிலோமீட்டர் சுற்றளவில் ஒரு வளையம். பிரான்ஸ், ஸ்விட்சர்லாந்து இரண்டு நாட்டுக்கும் அடியில் ஓடுகிறது. அதில் புரோட்டான்களை எதிரெதிராக ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் விட்டு மோத வைக்கிறார்கள். இன்று நாம் பார்க்கும் இணையப் பக்கங்களுக்கு அடித்தளமான யோசனை 1989ல் அங்கேதான் பிறந்தது. "இன்னொண்ணு தாத்தா, அங்க நடராஜர் சிலை இருக்கு. ரெண்டு மீட்டர் உயரம். 2004ல இந்தியா குடுத்தது." நான் சிதம்பரத்துக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். ஜெனீவாவில் ஒரு நடராஜர் நிற்பதைப் பேரன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மகன் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தான். எனக்கு அந்தப் பிளாட்பாரப் பெஞ்ச் ஞாபகம் வந்தது.

நடுவில் நான் மகனைப் பார்த்து, "இதெல்லாம் சரி, உனக்கு என்னடா வேணும்?" என்று கேட்டேன். யோசித்தான். ஏழு ஊர் போட்டவனுக்கு, தனக்கென்று என்ன வேண்டும் என்று சொல்லத் தெரியவில்லை. பேரன்தான், "அப்பா, பாரிஸ்லேர்ந்து ஜெனீவாவுக்கு டி.ஜி.வி.லதான் போறோம். டபுள் டெக்கர்" என்றான். மகன் முகம் மாறியதைப் பார்க்கவேண்டுமே. "மாடியில சீட் கிடைக்குமா?" என்றான். 1981ல் பாரிஸுக்கும் லியோனுக்கும் நடுவே டி.ஜி.வி. ஓட ஆரம்பித்த கதையைப் பையனுக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டான். மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும் பயணம் அது. அந்த நேரத்தை வீண் என்று யாரும் கழிக்கமாட்டார்கள்.

தூக்கம் பற்றிய பயத்துக்கும் பதில் இருக்கிறது. மே மாதத்தில் நமக்கும் பாரிஸுக்கும் மூன்றரை மணி வித்தியாசம். இங்கே காலை ஒன்பதுக்கு எழுகிறவனுக்கு அங்கே ஐந்தரைக்கே விழிப்பு வந்துவிடும். முதல் இரண்டு மூன்று நாள் எழுப்பவே வேண்டாம், கூட்டம் வருமுன் போகவேண்டிய இடங்களை அப்போது வைத்துக்கொள்ளலாம். அப்புறம் பழக்கம் திரும்பிப் பத்து மணி வரை தூங்கினாலும் குடி முழுகிவிடாது. மே கடைசியில் பாரிஸில் இரவு ஒன்பதரை மணிக்குக்கூட வெளிச்சம் இருக்கும். அந்த வயதுப் பையன் சாயங்காலத்துக்கு மேல்தான் பேசுவான். ஸேன் நதிக்கரையில் நடக்க அதைவிட நல்ல நேரம் எது?

ஃபோனையும் பிடுங்கவேண்டாம். அதில் வழி பார்த்து அழைத்துப்போகும் வேலையை அவனிடம் கொடுத்துவிடுங்கள். மெட்ரோவில் எந்தப் பக்கம் ஏறுவது, எங்கே மாறுவது எல்லாம் அவன் பொறுப்பு. தப்பாகப் போனால் அப்பா பத்து நிமிஷம் வாயைத் திறக்கக்கூடாது. இந்த நிபந்தனையை மகனிடம் மட்டும் தனியாகச் சொன்னேன். பின்பாக்கெட்டில் ஃபோனை வைக்காதே, கூட்டத்தில் பையை முன்னால் போட்டுக்கொள் என்பதைப் பையனிடம் சொன்னேன். அவனுக்கென்று ஒரு நாள் செலவுப் பணத்தைக் கையில் கொடுத்துவிடவேண்டும். அதில் எதைச் சாப்பிடுவது, எதை விடுவது என்று அவனே தீர்மானிக்கட்டும். கணக்குக் கேட்காதீர்கள்.

சாப்பாடு பற்றி வீட்டில் தனி மாநாடே நடந்தது. மனைவி புளிக்காய்ச்சல் கிண்டித் தருகிறேன் என்றாள். கொண்டுபோகலாம், ஆனால் கையோடு எடுத்துப்போகும் பையில் வைக்காமல் செக்-இன் பெட்டியில் வைக்கவேண்டும். நெய்யும் பால்கோவாவும் வேண்டாம். வெளியிலிருந்து பால், இறைச்சிப் பொருள்களைப் பயணிகள் கொண்டுவர ஐரோப்பிய யூனியனில் தடை உண்டு. அப்படியும் நாக்கு செத்துப்போனால் பாரிஸில் லா ஷப்பெல் பகுதி இருக்கிறது. இலங்கைத் தமிழர்களின் கடைகளும் உணவகங்களும் வரிசையாக இருக்கும் இடம். தமிழ்ப் பெயர்ப்பலகைகளைப் பார்க்கலாம். பக்கத்தில் மாணிக்க விநாயகர் ஆலயமும் உண்டு. ஊரைவிட்டு உயிர் பிழைக்கப் போனவர்கள் அங்கே எப்படிக் காலூன்றினார்கள் என்பதைப் பையன் கண்ணால் பார்த்துவிட்டு வரட்டும். ஒரு வேளைச் சாப்பாட்டோடு அதுவும் நடக்கும்.

இதைப் படிப்பவர்களில் யாராவது இப்படி மகனோடு கிளம்புவதாக இருந்தால் காகித வேலையைப் பற்றி இரண்டு வார்த்தை. பன்னிரண்டு வயதைத் தாண்டிவிட்டால் விசாவுக்குப் பெரியவர் கட்டணம்தான், 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. விரல் ரேகையும் கொடுக்கவேண்டும். பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி நேரம் வரை விட்டுவைக்காதீர்கள். அப்பா மட்டும் அழைத்துப்போனால் அம்மாவின் சம்மதக் கடிதமும் பையனின் பிறப்புச் சான்றிதழும் வேண்டும். நம்மவர்களுக்கு இனிஷியல் ஒரு பெரிய தொல்லை. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, சான்றிதழில் ஒற்றை எழுத்து. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. முதலில் அதை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

கடைசி எதிர்ப்பு ஒன்று பாக்கி இருந்தது. "ஐரோப்பா போய்ட்டு ரோம் பாக்கலையான்னு கேப்பாங்கப்பா" என்றான் மகன். கேட்கட்டும். கேட்பவர்கள் ஒரு நிமிஷம் கேட்பார்கள். ரோம் இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாக அங்கேதான் இருக்கிறது. பையன் சம்பாதிக்க ஆரம்பித்தால் அவனே அப்பாவை அழைத்துப்போகட்டும். இல்லை, மனைவியோடு போகட்டும்.

இப்போது புதுத் திட்டம் ஒரு பக்கத்தில் அடங்கிவிட்டது. வண்ணம் இல்லை. ஜெனீவாவில் ஒரு நாள் ஷாமொனி போய், கேபிள் காரில் 3,842 மீட்டர் உயரத்துக்கு ஏறலாமா வேண்டாமா என்பதை அன்றைக்கு வானிலை பார்த்து முடிவு செய்துகொள்வார்களாம். பாரிஸில் ஒரு நாள் முழுசாகக் காலியாக விட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்து மருமகள்கூட, "என்ன மாமா, இவரா ஒரு நாளைச் சும்மா விட்டிருக்காரு?" என்று ஆச்சரியப்பட்டாள்.

நேற்று ராத்திரி விசா காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்த மகன், தலையை நிமிர்த்தாமலே, "அன்னிக்கு நாம குதுப்மினார் போகாமலே இருந்திருக்கலாம்ப்பா" என்றான்.

நான் அவனிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவனாகச் சொன்னான். முப்பது வருஷத்துக்கு மேல் உள்ளேயே வைத்திருந்திருக்கிறான்.

"ஆமாண்டா, என் தப்புதான்" என்றேன். "பரவால்லப்பா" என்று சொல்லிவிட்டு ஃபைலை மூடினான். அடுத்த புதன்கிழமை விசாவுக்கு அப்பாயின்ட்மென்ட்.